தீர்மானப் புத்தகம் யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் திருப்பனந்தாள் ஒன்றியத்தில் இருக்கிறது. ஊர் விவசாயிகள் சங்கம் முறையாகப் பதிவு பெற்றது. போன வருஷம் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். பி.காம். படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா. குறுவைக்கு முன்னால் கன்னி வாய்க்காலைத் தூர்வாருவது பற்றிக் கூட்டம் நடந்தது. மூன்று பேரிடம் பொக்லைன் வாடகை கேட்டு, குறைவாகச் சொல்பவருக்குக் கொடுப்பது என்று முடிவானது. இரண்டு நாள் கழித்துத் தலைவர் வீட்டுக்கு வந்து, "இது விஷயமா முடிவெடுக்கத் தலைவருக்கு அதிகாரம் வழங்கப்பட்டதுன்னு ஒரு வரி சேத்துடும்மா" என்கிறார். புத்தகத்தில் இடம் இருக்கிறது. முன்பிருந்தவர் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டே எழுதுவாராம். நான் எழுதலாமா? கூட்டத்தில் இருவர் தூர்வாரும் முடிவை எதிர்த்துப் பேசினார்கள். அதையும் எழுது என்று ஒருவரும், எழுதாதே என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எனக்கு ஓட்டு உண்டா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பதில்: எழுதாதீர்கள். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஏன் கூடாது, பெரிய மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது, உங்கள் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டம் முடிந்துவிட்டது. அதில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சேர்க்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை. நிர்வாகக் குழு மொத்தமும் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டாலும் இல்லை. அவர்களுக்கு அந்த அதிகாரம் வேண்டுமென்றால் மறுபடி கூடலாம், பழைய தீர்மானத்தை மாற்றிப் புதுத் தீர்மானம் போடலாம். அதை யாரும் தடுக்க முடியாது. புத்தகத்தில் மிச்சமிருக்கும் இரண்டு விரற்கடை இடத்தை வைத்து அதைச் செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

உங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றும். திருப்பனந்தாள் என்றதும் நினைவுக்கு வருவது காசித் திருமடம். குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடத்தின் வழியில் வந்தது. மடம் என்றால் அதிபர் ஒருவர். அவர் சொல்வது கட்டளை, மற்றவர்கள் நடத்துவார்கள். அந்த ஏற்பாடு அதற்குப் பொருத்தம். சங்கம் வேறு மாதிரியானது. சங்கத் தலைவர் கூட்டத்தை நடத்துகிறவர். கூட்டம் கலைந்தபின் அவர் கையில் இருப்பது கூட்டம் கொடுத்த வேலை மட்டும். ஆனால் நம் ஊர்ச் சங்கங்களில் தலைவராக வருகிறவர் பெரும்பாலும் ஊரில் நாலு காணி வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், யாருக்காவது மாமா, யாருக்காவது பெரியப்பா. அவர் சொன்னால் எழுதிவிடுவது பழக்கமாகிவிடுகிறது. அவருக்கும் அது தவறென்று படுவதில்லை. நல்லதற்குத்தானே என்பார். பல நேரம் நல்லதற்குத்தான்.

உங்கள் தலைவரின் அவசரத்திலும் நியாயம் இருக்கலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் பொக்லைனை இறக்க முடியாது. மூன்று பேரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாள் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார் என்று வையுங்கள். அப்போது அவரிடம் சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்: "மாமா, அன்னிக்குக் கூட்டத்துல முடிவானதைத்தான் எழுதி வச்சிருக்கேன். அவசரம்னா நாளைக்கே ஒரு அவசரக் கூட்டத்துக்குச் சொல்லி விட்டுடறேன், நோட்டீஸ் நானே எழுதறேன். அதுல இதை ஒரு பொருளா வச்சு உங்களுக்கு அதிகாரம் கொடுத்தா, அங்கயே எழுதிக் கையெழுத்து வாங்கிடலாம்." மறுப்பு என்று ஒரு சொல் இதில் இல்லை. அவர் வேலையை நீங்கள் சுலபமாக்கித் தருகிறீர்கள். அவசரக் கூட்டத்துக்கு எத்தனை நாள் அவகாசம், எத்தனை பேர் இருந்தால் கோரம் என்பதை உங்கள் சங்கத் துணைவிதியில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். துணைவிதி உங்களிடம் ஒரு பிரதி இல்லையென்றால் முதல் வேலையாக அதை வாங்குங்கள்.

இந்த ஒழுங்கெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறவர்கள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தகனின் காலத்தில், 919-லும் 921-லும் அந்த ஊர்ச் சபை எடுத்த தீர்மானங்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. குடவோலை என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த தேர்தல் முறைதான். வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது என்ற விதிகளைப் பாடத்தில் சொல்வார்கள். எழுதுகிறவனைப் பற்றிச் சொல்வதில்லை. அவனுக்கு மத்தியஸ்தன் என்று பெயர். குடத்திலிருந்து ஒன்றுமறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் என்னும் பூசகர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெயர் எழுதப்படும். விரல் மடங்கியிருந்தால் ஓலை மாறிவிடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். எழுதுகிறவனை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவன்மேல் சந்தேகம் விழ இடமே கொடுக்கவில்லை. கல்வெட்டின் கடைசியில் அவன் தன் பெயரைச் சொல்லி, சபையார் பணித்ததால் எழுதினேன் என்று முடிக்கிறான். தன் கருத்து என்று ஒரு வரி அதில் கிடையாது.

அதே சுவரில் உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்றும் இருக்கிறது. 919-ல் போட்ட விதிகள் போதவில்லை. இரண்டு வருஷத்தில் திருத்த வேண்டியதாயிற்று. முதல் தீர்மானத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அதன்மேல் புதியதை வெட்டவில்லை. பழையதை அப்படியே விட்டு, 921-ல் புதிதாக ஒன்றை வெட்டினார்கள். இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. எது எப்போது மாறியது என்று ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நமக்குத் தெரிவது அதனால்தான்.

இனி, அந்த விட்டுவைத்த இடம். தணிக்கைக்குப் போகிற சங்கங்களில் நான் ரொக்கப் புத்தகத்துக்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தைத்தான் கேட்பேன். அதிலும் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் பக்கத்தின் வடிவத்தைப் பார்ப்பேன். மேலே நெருக்கி நெருக்கி எழுதி, கீழே கையெழுத்துகள் தாராளமாகப் பரவியிருந்தால், கையெழுத்து முதலில் வந்தது, எழுத்து பிறகு வந்தது என்று தெரிந்துவிடும். முதல் பாதியில் ஒரு பேனா, கடைசி இரண்டு வரியில் வேறு பேனா என்றால் இன்னும் சுலபம். நம் பக்கத்துச் சங்கங்களில் இருக்கும் மிகப் பழைய கெட்ட பழக்கம் இது: வந்தவர்களிடம் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது, தீர்மானத்தை ஆற அமர மேலே எழுதிக்கொள்வது. கூட்டத்துக்கு வராதவரிடம் வீடு தேடிப்போய் வாங்குவதும் உண்டு. சோம்பலில் தொடங்கும் பழக்கம்தான். ஒரு நாள் தகராறு வரும்போது, அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரும் தாங்கள் படிக்காத ஒன்றில் கையெழுத்துப் போட்டவர்களாக நிற்பார்கள். எழுதிய உங்கள் நிலை அதைவிட மோசம், ஏனென்றால் எழுத்து உங்களுடையது.

இதை அடுத்த கூட்டத்திலேயே மாற்றிவிடலாம், யாரையும் குறை சொல்லாமல். வருகைக்கு என்று தனிப் பக்கம் போடுங்கள். தலைப்பில் நாள், கிழமை, நேரம், இடம், என்ன கூட்டம், யார் தலைமை என்று முதலிலேயே எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள். கடைசிக் கையெழுத்துக்கு அடியில் கோடு போட்டு, வந்தவர் மொத்தம் இத்தனை என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் தீர்மானங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு வரிக்கு மேல் இடம் வேண்டாம். முடிந்த இடத்தில் தலைவர் கையெழுத்து, தேதியோடு. மிச்சமிருக்கும் பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். புத்தகம் தைத்த புத்தகமாக, பக்க எண் அச்சிட்டதாக இருக்கட்டும். பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஒயிட்னர் வேண்டாம். காகிதம் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

வருகைப் பக்கத்தில் இடத்தை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். உங்கள் வட்டத் தலைநகர் திருவிடைமருதூரின் கோயில் கல்வெட்டு ஒன்றில், திரைமூர்ச் சபையாரும் நகரத்தாரும் கோயிலைச் சேர்ந்தவர்களும் நாடகசாலையில் கூடியிருந்து முடிவு செய்தார்கள் என்று இருக்கிறது. யார் யார், எங்கே என்பதைச் சோழர் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். ஊர்ப் பொது இடத்தில் கூடினோமா, தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடினோமா என்பதற்குள்ளேயே பாதிக் கதை இருக்கிறது.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். சிலர் பேசினதை எல்லாம் எழுதப் பார்ப்பார்கள். சட்டமன்றத்தில் அதற்கென்று சுருக்கெழுத்துக்காரர்கள் இருக்கிறார்கள். சங்கத்துக்கு அது வேண்டாம். ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போய், கூட்டம் கைமீறிப் போனதில் வெட்கப்பட்டு, கூட்டம் நடத்தும் விதிகளைப் படிக்கத் தொடங்கினார். 1876-ல் அவர் போட்ட கையேட்டை இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. கூட்டம் என்ன செய்தது என்பதைக் குறி, ஆட்கள் என்ன பேசினார்கள் என்பதை விடு என்பது அவர் மரபு. நான் அதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விலக்கோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

செய்தது என்ன என்று எழுதுவதில்கூட ஒரு வழுக்கல் இருக்கிறது. பெரும்பாலான புத்தகங்களில் காணும் வாசகம் இது: "வாய்க்கால் தூர்வாருவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." என்ன தீர்மானிக்கப்பட்டது? யார் செய்வது, எவ்வளவுக்குள், எந்தத் தேதிக்குள்? இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் கூட்டத்தின் முடிவை நான் எழுதுவதாக இருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"பொருள் 3. வடக்குக் கன்னி வாய்க்காலைத் தூர்வாருதல். பொக்லைன் வைத்திருப்போர் மூவரிடம் மணி வாடகையை எழுத்தில் பெற்று, குறைந்த வாடகை கேட்பவரிடம் வேலையை ஒப்படைப்பது. மொத்தச் செலவு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது. வாடகை விவரம் வாங்கும் பொறுப்பு பொருளாளருக்கு. வேலையை மே 25-க்குள் முடிப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார். ஆதரவு 17, எதிர்ப்பு 2."

தொகையும் தேதியும் நான் சும்மா போட்டவை. உங்கள் கூட்டத்தில் தொகை பேசப்படவே இல்லையென்றால் நீங்களாகப் போடக் கூடாது. அங்கேயேதான் கேட்க வேண்டும். உங்கள் பதவியின் உண்மையான அதிகாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பேச்சு முடிந்து அடுத்த பொருளுக்குத் தாவப் போகும்போது கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம், நான் எழுதினதை வாசிக்கறேன், சரியான்னு சொல்லுங்க" என்று நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. வாசியுங்கள். தொகை விட்டுப்போயிருந்தால் யாராவது சொல்வார்கள். ஒருவர் "நான் அப்படிச் சொல்லலையே" என்பார். அங்கேயே சரியாகிவிடும். மத்தியஸ்தன் உரக்க வாசித்ததும் இதற்காகத்தான். அன்றைக்கு நீங்கள் வாசித்துக் காட்டியிருந்தால், இப்போது பெரிய மாமனாரிடம் சொல்லும் பதிலுக்கு இன்னும் பலம் இருக்கும்.

எதிர்ப்புக்கு வருகிறேன். நான் சொன்ன விலக்கு இதுதான். எதிர்த்தவர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னால், பெயரோடு ஒரே வரியில் பதிவு செய்யுங்கள். "மழைக்காலத்துக்குப் பின் செய்யலாம் என்று கூறி இன்னார் எதிர்ப்புத் தெரிவித்தார்." போதும். அவர் யாரைத் திட்டினார், பழைய தலைவர் காலத்துக் கணக்கை எப்படி இழுத்தார் என்பதெல்லாம் வேண்டாம். அதே சமயம் "ஏகமனதாக" என்ற சொல்லை அச்சுப்போல எல்லாத் தீர்மானத்திலும் போடுவதை நிறுத்துங்கள். இருவர் எதிர்த்த இடத்தில் ஏகமனது என்று எழுதினால் அது பொய். அந்த இருவரும் நாளைக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் புத்தகத்தின் மற்றப் பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். சில தீர்மானங்களுக்கு எண்ணிக்கையே உயிர். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பும், வந்து ஓட்டுப்போடும் உரிமையுள்ளவர்களில் முக்கால் பங்கு ஆதரவும் வேண்டும். துணைவிதியைத் திருத்த அதுதான் வழி. அங்கே எண்ணிக்கை எழுதாமல் "ஏகமனதாக" என்று மட்டும் எழுதிக்கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் திரும்பி வரவேண்டியதுதான்.

ஓட்டு விஷயம் எளிது. நீங்கள் உறுப்பினராகவோ நிர்வாகக் குழுவில் ஒருவராகவோ இருந்தால் உங்களுக்கு ஓட்டு உண்டு, பேசவும் செய்யலாம். எழுதுகிற வேலை அந்த உரிமையைப் பறிக்காது. சம்பளத்துக்கு எழுதும் எழுத்தராக இருந்தால் கிடையாது. கேட்டால் மட்டும் பேச வேண்டும். ஆனால் உங்கள் சொந்த விஷயம் வரும்போது, உதாரணமாக உங்கள் தம்பியின் பொக்லைனும் விலை கேட்பதில் ஒன்று என்றால், அந்தப் பொருளுக்கு மட்டும் பேனாவை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்ததையும் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

செயலாளர்கள் இன்னொரு பக்கமும் சறுக்குவதுண்டு. எழுத்து கையில் வந்ததும் ஊருக்கு நீதிபதியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். துணைவிதிக்கு விரோதமாக ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்று தோன்றினால் அதைச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். சொன்னபிறகும் கூட்டம் அதே முடிவை எடுத்தால் எழுதத்தான் வேண்டும். எழுதமாட்டேன் என்று புத்தகத்தை மூடிக்கொண்டு போனவரையும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது, ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பதிவே இல்லாமல் போனது. வேண்டுமானால் "இது துணைவிதிக்கு முரண் எனச் செயலாளர் சுட்டிக்காட்டினார்" என்று ஒரு வரி, மற்ற எதிர்ப்புகளைப் போலவே. தீர்மானத்தின் மொழியைத் திருத்தி அழகுபடுத்துவது, காரணம் சேர்ப்பது, நன்றி கூறி முடிப்பது, இவற்றிலும் கை அடங்கியிருக்கட்டும். "மாண்புமிகு தலைவரின் அயராத உழைப்பால்" என்று நீங்கள் எழுதினால் அது தீர்மானமா உங்கள் கருத்தா என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் குறிப்பு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு ஏற்கப்படும் வரை வரைவுதான். அங்கே யாரும் பிழை சொல்லலாம். தலைவரும் ஓர் உறுப்பினராகச் சொல்லலாம். கூட்டம் ஒத்துக்கொண்டால் திருத்த வேண்டும். ஆனால் திருத்தம் என்பது நடந்ததைச் சரியாகச் சொல்வது மட்டும். நடந்தது பிடிக்காமல் மாற்றுவது புதுத் தீர்மானம். இரண்டும் ஒரே கூட்டத்தில் நடக்கலாம், புத்தகத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து மூன்று நாளுக்குள் வரைவை எழுதி முடித்துவிடுங்கள், அதற்கப்புறம் ஞாபகம் கலங்கிவிடும். போனில் ஒலிப்பதிவு செய்து கேட்டு எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டுச் செய்யலாம். குறிப்பு ஏற்கப்பட்டதும் அழித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் ஒரு பதிவுக்கு இரண்டு பதிவாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டியதைக் கூட்டத் தீர்மானமாக எழுதச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். துணைவிதி இடம் கொடுத்தால் ஒழிய அது கூட்டம் ஆகாது.

உங்கள் ஒன்றியத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குச் சட்டம் இன்னும் கறார். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 118: கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு புத்தகத்தில் ஏற வேண்டும், பக்கங்களுக்குத் தொடர் எண் வேண்டும். முறைப்படி வைத்த குறிப்பே நடந்ததற்குச் சாட்சியம். அதில் கைவைத்துத் திரித்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும், 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஒருவரை இழிவுபடுத்துவது, பொருளுக்குச் சம்பந்தமில்லாதது, நிறுவன நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதும் பகுதியைக் குறிப்பில் சேர்க்காமல் விட அந்தச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. விடத்தான். சேர்க்க அல்ல.

நகல் கொடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும், புத்தகத்தில் எழுதுவதைவிட அதிகமாக. வங்கியில் கணக்குத் தொடங்க, கையெழுத்திடும் ஆளை மாற்ற, கடன் வாங்க, எதற்கும் தீர்மான நகல் கேட்பார்கள். "உண்மை நகல்" என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டுத் தருவதை வைத்து வங்கிக்காரர் பணத்தைக் கொடுக்கிறார், அவர் உங்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. "இன்னிக்கு நகலைக் கொடு, கூட்டத்தை நாளைக்கு வச்சுக்கலாம்" என்று வரும். கொடுக்கவே கொடுக்காதீர்கள். நல்லெண்ணம், அவசரம், உறவு எதுவும் அப்போது உங்களைக் காக்காது. நிறைவேறாத தீர்மானத்துக்கு உண்மை நகல் என்று சான்று கொடுப்பது பொய் ஆவணம். கொடுத்த நகல்களுக்கு ஒரு சிறு பதிவேடு வையுங்கள்: யாருக்கு, எந்தத் தீர்மானம், என்ன தேதி.

புத்தகம் சங்கத்தின் சொத்து. சங்கத்துக்கு அலுவலகம் இருந்தால் அங்கே, பூட்டிய பீரோவில். இல்லையென்றால் யார் வீட்டில் இருக்கிறது என்பதைத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். உறுப்பினர் பார்க்கக் கேட்டால், துணைவிதி சொல்லும் முறைப்படி உங்கள் முன்னிலையில் காட்டுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள். சங்கம் இரண்டு கட்சியாகப் பிரியும்போது முதலில் காணாமல் போவது இந்தப் புத்தகம்தான். நிர்வாகக் குழு மாறியதை மூன்று மாதத்துக்குள் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்போது அதைத் தேடி ஊரே அலையும்.

நைந்துபோன பழைய புத்தகங்கள் உங்களிடம் இருந்தால் இப்போதே பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கும் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் உத்தரவிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். வேலை முடிந்து, இராசேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்துத்தான் மறுபடி கல்லில் வெட்டினார்கள். நமக்கு அதற்கு ஒரு செல்போன் போதும்.

பொறுப்பிலிருந்து விலகும்போது நீங்களே நேரில் ஒப்படையுங்கள், வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். உத்திரமேரூர்ச் சபை கணக்கெழுதுகிறவனுக்குப் போட்ட விதியும் இதுவே: தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும், அவனுக்குப் பதில் வேறு கணக்கன் வந்து முடித்துவைக்கக் கூடாது, காட்டிச் சரியென்று ஆகும்வரை மறுபடி அவனுக்கு அந்த வேலை கிடையாது. எத்தனை புத்தகம், ஒவ்வொன்றிலும் எழுதிய கடைசிப் பக்க எண், கடைசித் தீர்மான எண், முத்திரை, நகல் பதிவேடு என்று பட்டியல் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைத்தால் செல்லுமா என்று. செல்லும். ரேகைக்குப் பக்கத்திலேயே அவர் பெயரை நீங்கள் எழுதி, அதைப் பார்த்த உறுப்பினர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள். ரேகை வைப்பதற்கு முன் தீர்மானங்களை அவருக்கு வாசித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வாசித்தும் காட்டுங்கள்.